பட்டியலிட்ட கை: டெனிஸ் கிஃபோர்டும் பிரித்தானியத் திரை வரலாறும்

வட்டத்தின் பத்தாமாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, புலவர் ஒருவரைப் பற்றியோ, நின்றுபோன இதழ் ஒன்றைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டிருப்பவரோ புலவருமல்லர்; பேராசிரியருமல்லர். இலண்டன் மாநகரின் தென்புறத்தில் பிறந்து, அப்பகுதியிலேயே மறைந்த ஒரு கேலிச்சித்திரக்காரர். பெயர் டெனிஸ் கிஃபோர்ட். சித்திரக்கதைகள் வரைந்தார்; வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நிகழ்ச்சிகள் அமைத்துக் கொடுத்தார்; நடிகர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். இவற்றுக்கிடையே, தம் நாட்டில் எடுக்கப்பட்ட கதைப்படங்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் பட்டியலிடுவது என்ற, பெரிய நிறுவனமே தயங்கக்கூடிய பணியைத் தாமாக மேற்கொண்டு நூலாக்கியும் காட்டினார்.

இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் இறுதியில், நான் பார்வையிட்ட பழைய இதழ்களின் விவரப் பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தேன். ஆய்வேட்டின் எந்த இயலையும்விட அப்பக்கங்களுக்கே மிகுதியான நாட்கள் சென்றன. வாய்மொழித் தேர்வன்று அவையில் இருந்த பெரியவர் ஒருவர் அவற்றைப் புரட்டிவிட்டு, "இது எழுத்தர் வேலையம்மா, ஆய்வு எங்கே?" என்றார். அவையினர் சிரித்தனர். நானும் சிரித்தேன். பட்டமும் கிடைத்தது. ஆயினும் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. பின்னாளில் கிஃபோர்டின் பட்டியலைக் கண்டபோது, அன்று அவையில் சொல்லத் தெரியாமற்போன விடை அதில் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

கிஃபோர்ட் 1927 டிசம்பர் 26ஆம் நாள் இலண்டனின் ஃபாரஸ்ட் ஹில் பகுதியில் பிறந்தார். டல்விச் கல்லூரி என்னும் பெயர்பெற்ற பள்ளியில் படித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த தோழர், பின்னாளில் பிரித்தானியத் தொலைக்காட்சியின் புகழ்மிக்க நகைச்சுவையாளராக விளங்கிய பாப் மங்க்ஹவுஸ். இருவரும் பள்ளி நாட்களிலேயே சித்திரக்கதைகள் வரையத் தொடங்கிவிட்டனர். இருவருக்கும் சினிமாப் பித்தும் இருந்தது. அந்நாளைய ஆங்கிலச் சிறுவர்களுக்குச் சித்திரக்கதையும் சினிமாவும் இருவேறு உலகங்களல்ல. சார்லி சாப்ளின் திரைக்கு வந்த மறு ஆண்டே, 1915இல், 'ஃபன்னி ஒண்டர்' என்னும் வார இதழில் பெர்ட்டி பிரவுனின் கைவண்ணத்தில் சித்திரக்கதை நாயகனாகிவிட்டார். 1920இல் தோன்றிய 'ஃபிலிம் ஃபன்' இதழோ திரை நடிகர்களையே கதைமாந்தர்களாக வைத்து 1962 வரை நடந்தது. படத்தைப் பார்க்கக் காசில்லாத சிறுவனும் நடிகரின் முகத்தை அறிந்திருந்த காலம் அது. வாரந்தோறும் வந்து, படித்தபின் அடுப்பெரிக்கப் போகும் அத்தாள்களைக் கிஃபோர்ட் எறியாமல் வைத்துக்கொண்டார். வரலாற்றாசிரியர் என்னும் பெயர் அவருக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இந்தச் சேர்த்துவைக்கும் குணம் வந்துவிட்டது.

சேர்த்து வைக்காதவர்களின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரித்தானியத் திரைப்படத்தின் தொடக்கக் காலப் பெயர்களுள் செசில் ஹெப்வொர்த்தின் பெயர் முன்னிற்பது. 1905இல் அவருடைய நிறுவனம் 'ரெஸ்க்யூட் பை ரோவர்' என்னும் சிறு படத்தை வெளியிட்டது. பிச்சைக்காரி ஒருத்தி குழந்தையைத் திருடிச் செல்ல, வீட்டு நாய் தேடிக் கண்டுபிடிப்பதே கதை. கதையை எழுதியவர் ஹெப்வொர்த்தின் மனைவி. குழந்தை அவர்கள் வீட்டுக் குழந்தை. நாயும் அவர்கள் வீட்டு நாய். படத்தின் நீளம் 425 அடி. செலவு 7 பவுண்டு 13 ஷில்லிங் 9 பென்ஸ். 395 பிரதிகள் விற்றன. பிரதி எடுத்து எடுத்து நெகட்டிவ் தேய்ந்துபோனதால், அதே படத்தை மேலும் இருமுறை முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. இத்தனை வெற்றி கண்டவரின் நிறுவனம் 1924இல் நொடித்துப்போனது. கடன் தீர்க்க வந்த அதிகாரிகள், இருபதாண்டுக்கு மேற்பட்ட உழைப்பாகிய நெகட்டிவ்களை உருக்குவதற்கு விற்றுவிட்டனர். அவற்றிலிருந்து பெறப்பட்ட பொருள் வானூர்தி இறக்கைத் துணிக்கு விறைப்பேற்றும் பூச்சாகப் பயன்பட்டது. ஒரு நாட்டின் முதற்காலக் கலைச்செல்வம் இறக்கைப் பூச்சாயிற்று என்று எழுதும்போது கை சற்றே நிற்கிறது.

ஹெப்வொர்த் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. ஊமைப்பட காலத்துப் பிரித்தானியப் படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை. அந்நாட்டின் தேசியத் திரைப்பட நூலகம் எர்னஸ்ட் லிண்ட்கிரனைக் காப்பாளராகக் கொண்டு 1935இல்தான் தொடங்கப்பெற்றது. அதற்குள் ஊமைப்படக் காலமே முடிந்துவிட்டிருந்தது.

படங்கள் இல்லாமற்போன நாட்டில் படங்களின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது? இக்கேள்வியை முதலில் எதிர்கொண்டவர் ஒரு பெண்மணி. புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோவின் மகளான ரேச்சல் லோ. பிரித்தானியத் திரைப்படக் கழகம் அமைத்த வரலாற்றுக் குழுவின் ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு, ரோஜர் மான்வெல்லுடன் இணைந்து அவர் எழுதிய முதல் தொகுதி 1948இல் வெளிவந்தது. அக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர் வேறு யாருமல்லர், தம் படங்கள் உருகிப்போனதைக் கண்ட அதே ஹெப்வொர்த்தான். 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் அடுத்த இரு தொகுதிகள் வந்தன. நான்காவது 1971இல். இடையே இருபத்தோராண்டுகள்! பெண்பால் ஆய்வாளர் ஒருவரின் நூல்வரிசையில் இத்தகைய இடைவெளியைக் காணும்போது நான் காரணம் தேடுவதில்லை. அம்மையார் தளரவில்லை, 1979இல் இரண்டும் 1985இல் ஒன்றுமாக மேலும் மூன்று தொகுதிகளைத் தந்து, கதையை 1939 வரை கொண்டுவந்து நிறுத்தினார். துறையில் இறங்குவோர் எவராயினும் இன்றும் அவ்வாயிலின் வழியாகவே நுழைகின்றனர்.

கிஃபோர்ட் சென்ற வழி வேறு. லோ வரலாறு எழுதினார். கிஃபோர்ட் வரலாறு எழுதுவதற்கான ஐந்தொகையை எழுதினார். 1973இல் வெளிவந்த அவருடைய 'பிரித்தானியத் திரைப்பட அட்டவணை' 1895 முதல் 1970 வரையிலான பொழுதுபோக்குப் படங்களைக் கால வரிசையில் எண்ணிட்டுத் தருகிறது. பர்ட் ஏக்கர்ஸ், ராபர்ட் பால் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் படமெடுக்கத் தொடங்கிய ஆண்டு 1895. அங்கிருந்து தொடங்கிப் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். ஒவ்வொரு பதிவிலும் படம் வெளிவந்த மாதம், தலைப்பு, நீளம், எடுத்த நிறுவனம், இயக்குநர், கதை எங்கிருந்து வந்தது, எழுதியவர் யார், நடித்தவர் யார் யார், அவர்கள் ஏற்ற வேடம் என்ன என்ற விவரங்கள். கடைசியில் வகையைக் குறிக்கும் ஒரு சொல். அதையடுத்துக் கதைச் சுருக்கம், பெரும்பாலும் ஒரே வரியில்.

இந்த ஒற்றை வரிச் சுருக்கங்கள் நம் வட்டத்துக் கவிஞர்கள் நோக்கத்தக்கவை. இரண்டு மணி நேரப் படத்தையும் இரண்டு நிமிடத் துண்டையும் அவர் ஒரே அளவில் நிறுத்துகிறார். அவற்றில் அடைமொழி இல்லை, வியப்பு இல்லை, பாராட்டும் இல்லை. யார், யாரை, என்ன செய்தார் என்பதோடு வாக்கியம் முடிந்துவிடும். படித்துக்கொண்டே போகும்போது, காணாமற்போன படங்களின் ஊர்வலம் ஒன்று கண்முன் நகர்கிறது. அவற்றுட் பலவற்றைக் கிஃபோர்டும் கண்டிருக்க இயலாது. 'பயாஸ்கோப்', 'கினிமாட்டோகிராஃப் வீக்லி' போன்ற தொழில்முறை வார இதழ்களின் பழுப்பேறிய பக்கங்களில், படம் வாங்கும் கொட்டகைக்காரர்களுக்காக அன்று அச்சிடப்பட்ட குறிப்புகளே பெரிதும் துணை. கொட்டகைக்காரர் கேட்டதெல்லாம் எத்தனை அடி, யார் நடித்தது, கூட்டம் வருமா என்பதே. அக்குறிப்புகளை எழுதிய எவரும் வரலாற்றுக்காக எழுதியிருக்கமாட்டார்.

பட்டியல் எந்த அளவுக்கு ஆய்வாகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டே போதும். கிஃபோர்ட் பிறந்த அதே 1927ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் திரைப்படச் சட்டம் ஒன்றை இயற்றியது. அமெரிக்கப் படங்களின் வெள்ளத்தில் உள்நாட்டுத் தொழில் மூழ்கிவிடாதிருக்க, விநியோகிப்போரும் திரையிடுவோரும் குறிப்பிட்ட விழுக்காடு உள்நாட்டுப் படங்களை எடுத்தாக வேண்டும் என்றது அச்சட்டம். விநியோகிப்போருக்கு ஏழரை விழுக்காட்டில் தொடங்கிய அளவு முப்பதுகளின் நடுவில் இருபதைத் தொட்டது. நடந்தது என்ன? சட்டத்தின் எழுத்தை நிறைவேற்றினாற் போதுமென்று, அடிக்கு ஒரு பவுண்டு என்னும் கணக்கில் அவசர அவசரமாகப் படங்கள் எடுக்கப்பட்டன. ஒதுக்கீட்டு அவசரப் படங்கள் என்று அவற்றுக்கு ஏளனப் பெயரும் வந்தது. காலையில் கொட்டகை கூட்டும் பெண்களுக்கு மட்டுமே அவை திரையிடப்பட்டன என்று கேலியாகச் சொல்வதுமுண்டு. ரேச்சல் லோவும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அவர் தீர்ப்பு கடுமையானது. நெடுங்காலம் அத்தீர்ப்பே நிலைத்தும் இருந்தது.

கிஃபோர்ட் தீர்ப்பு வழங்கவில்லை. அவசரப் படம் ஒவ்வொன்றுக்கும், பெரும்பொருட் செலவில் எடுக்கப்பட்ட படத்துக்குத் தந்த அதே இடத்தைத் தந்தார். அதனால் விளைந்த பயன் பின்னரே தெரிந்தது. மைக்கேல் பவல் என்னும் மாபெரும் இயக்குநர் 1931 முதல் 1936 வரை இத்தகைய படங்களில்தான் தொழில் பழகினார். 1931இல் வெளிவந்த அவருடைய 'டூ கிரவுடட் அவர்ஸ்' இன்று கிடைக்கவில்லை. ஜெர்ரி வெர்னோ அதில் வாடகைக் கார் ஓட்டுநராக நடித்தார் என்பதுபோன்ற செய்திகளே நம் கையில் எஞ்சியிருக்கின்றன. 2010இல் பிரித்தானியத் திரைப்படக் கழகம் தேடப்படும் படங்கள் எழுபத்தைந்தை அறிவித்தபோது, ஹிட்ச்காக்கின் 'தி மவுண்டன் ஈகிள்' இருந்த பட்டியலிலேயே பவலின் இந்த அவசரப் படமும் இடம்பெற்றது. ஸ்டீவ் சிப்னால் என்னும் ஆய்வாளர் 2007இல் அவசரப் படங்களுக்கென்றே தனிநூல் எழுதி, அவற்றைக் கண்டு மகிழ்ந்த மக்கள் உண்டு என்பதையும், அவற்றில் வளர்ந்த கலைஞர்களையும் எடுத்துக்காட்டினார். குப்பை என்று கருதிப் பட்டியற்காரரும் அவற்றை விட்டிருந்தால், எதைத் தேடுவது என்பதே பின்வந்தவர்களுக்குத் தெரிந்திராது.

பட்டியல் முழுவதும் நடுநிலையானது என்று சொல்லவும் நான் ஒருப்படவில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதே ஒரு தீர்ப்புத்தான். 1973ஆம் ஆண்டுப் பதிப்பில் செய்திப்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் இடமில்லை. உலகமே பிரித்தானியத் திரைக்கலையின் பெருமையாகப் பேசியது அந்நாட்டு ஆவணப்படங்களைத்தான் என்பதை எண்ணினால் இது சிறிய விடுபாடன்று. இத்தகைய பெருநூலில் பிழைகளும் இருக்கவே செய்தன, பின்வந்தோர் திருத்தினர். பதினாலாயிரம் பதிவுகளில் பிழை கண்டுபிடிப்பவர், அப்பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் தம்மைக் கொண்டுவந்து நிறுத்தியது எது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி, வாழ்க்கை வரலாறுகள். நட்சத்திரங்களின் வாழ்க்கையை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு ஊற்றுகளையே நம்புவர்: படநிறுவனத்தின் விளம்பரத்துறை; நட்சத்திரத்தின் சொந்த நினைவு. முன்னது பொய் சொல்லச் சம்பளம் வாங்குவது. பின்னது சம்பளமின்றியே சொல்வது. கிஃபோர்ட் பேரட்டவணையை வெளியிட்ட அதே 1973இல் பாரிஸ் கார்லாஃபின் வாழ்க்கையையும், 1974இல் சாப்ளினைப் பற்றியும் நூல்கள் எழுதினார். கார்லாஃப் நூலின் துணைத்தலைப்பே மனிதர், அரக்கர், படங்கள் என்று மூன்றையும் தனித்தனியே எண்ணுகிறது. அட்டவணைக்காரரின் பழக்கம்!

கார்லாஃபுக்கு இந்நூலாசிரியர் பொருத்தமானவர் என்பேன். 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்து அரக்கனாக 1931இல் உலகை நடுங்கவைத்த அந்நடிகர் 1887இல் பிறந்தது ஃபாரஸ்ட் ஹில் சாலையில். கிஃபோர்ட் பிறந்த பகுதியின் பெயரைத் தாங்கிய அதே சாலையில். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். தந்தையார் இந்தியாவில் ஆங்கில அரசின் உப்பு வரித்துறையில் பணியாற்றியவர். குடும்பத்தில் இந்திய இரத்தக் கலப்பும் உண்டு; அந்நடிகரின் சற்றே கறுத்த நிறத்துக்கு அதுவே காரணம். ஆனால் கார்லாஃப் என்பது தம் தாய்வழிக் குடும்பத்திலிருந்த பெயர் என்று அவர் சொல்லிவந்தார். அதற்குச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. இந்தியத் தொடர்பை மறைக்க நேர்ந்த ஒருவர் உருசியப் பெயருக்குள் ஒதுங்கிக்கொண்டார் போலும். அவருக்குப் புகழ் தந்த படத்தின் தொடக்க எழுத்துகளில் அரக்கனாக நடித்தவர் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறியே இடப்பட்டிருந்தது.

அரக்கனாகப் பெயர்பெற்றபின் கார்லாஃப் 1933இல் தாயகம் திரும்பி 'தி கூல்' என்னும் படத்தில் நடித்தார். கல்லறையிலிருந்து எழுந்து வருபவனின் கதை. படத்தின் கதியும் அவ்வாறே ஆயிற்று. பல்லாண்டு காலம் அது அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. கார்லாஃப் மறைந்த 1969ஆம் ஆண்டில் வில்லியம் எவர்சன் என்னும் சேகரிப்பாளர் செக்கோஸ்லோவாகியாவில் ஒரு பிரதி இருக்கக் கண்டார். மங்கிப்போய், ஒலி தேய்ந்து, துணையெழுத்துகள் பதிந்த பிரதி. 1980களின் தொடக்கத்தில் ஷெப்பர்ட்டன் படப்பிடிப்பு நிலையத்தில் மறந்துபோன ஓர் அறையை, வாயிலை அடைத்துக் கிடந்த மரச்சட்டங்களை அகற்றித் திறந்தபோது, உள்ளே மூல நெகட்டிவே நல்ல நிலையில் இருந்தது. தம் நாயகரின் படமொன்று மங்கிய உருவில் மட்டுமே எஞ்சியிருந்த காலத்தில்தான் கிஃபோர்ட் அந்நூலை எழுதினார்.

தொலைக்காட்சியில் அவர் ஆற்றிய பணி, ஒருவகையில், இதே பணியின் மறுபக்கம். 'லுக்ஸ் ஃபெமிலியர்' என்னும் நிகழ்ச்சி 1970இல் தேம்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி எண்பதுகளிலும் நடந்தது. முன்னர் வானொலியில் அவர் அமைத்த நிகழ்ச்சியொன்றின் உடன்பிறப்பு அது. பழைய படத்துண்டுகளைக் காட்டி, முதுபெரும் கலைஞர்களை அழைத்து, இவர் யார், இப்பாட்டு எது என்று நினைவைச் சோதிக்கும் விளையாட்டு. இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றோரும் விரும்பிப் பார்த்தனர். கற்றறிந்தோர் இதை வரலாறு என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் தொலைக்காட்சி நிறுவனங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? 1953இல் பி.பி.சி. நேரடியாக ஒளிபரப்பிய 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமெண்ட்' தொடரின் ஆறு பகுதிகளில் இரண்டே பதிவு செய்யப்பட்டன. ஒளிநாடா வந்தபின்பும் நிலைமை சீர்படவில்லை. நாடா விலை கூடியது. ஒருமுறை ஒளிபரப்பியதை அழித்து, அதன்மேலேயே மற்றொன்றைப் பதிவது சிக்கனமாகக் கருதப்பட்டது. அறுபதுகளின் புகழ்மிக்க நகைச்சுவை நிகழ்ச்சிகளும் நாடகங்களும் இவ்வாறு போயின. எழுபதுகளின் இறுதியில்தான் பி.பி.சி. இதற்கு ஒரு நெறிமுறை வகுத்தது. ஹெப்வொர்த்தின் நெகட்டிவ் உருகி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

பள்ளித் தோழர் மங்க்ஹவுஸும் ஒரு சேகரிப்பாளர்தான். பழைய படப்பிரதிகளை வீடு நிறையச் சேர்த்தார். உரிமையின்றி வைத்திருந்து விநியோக நிறுவனங்களை ஏமாற்ற முயன்றதாக அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. 1979இல் இலண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் குற்றமற்றவரென விடுதலையானார். அழித்தவர்கள்மீது எந்நாளும் வழக்கு வந்ததில்லை. காத்தவர் கூண்டில் ஏற நேர்ந்தது. வீட்டில் ஒளிப்பதிவுக் கருவி வைத்திருந்த முதல் சிலருள் அவரும் ஒருவர். தொலைக்காட்சியில் வந்தவற்றை அன்றாடம் பதிந்துவந்தார். 2003இல் அவர் மறைந்தார். பின்னர் அவர் குடும்பத்தாரிடமிருந்து பல்லாயிரக்கணக்கான நாடாக்கள் கெலைடாஸ்கோப் என்னும் காப்பு அமைப்பின் கைக்கு வந்தன. வேறெங்கும் எஞ்சாத நிகழ்ச்சிகள் சில அவற்றிலிருந்து கிடைத்தன.

கிஃபோர்டின் சேகரிப்புக்கு அந்நல்வாய்ப்பு இல்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம், எழுபத்திரண்டாம் வயதில், தென் இலண்டன் சிடன்ஹாம் பகுதியில் சித்திரக்கதை இதழ்கள் நிறைந்த தம் இல்லத்தில் அவர் காலமானார். 'பிரித்தானியச் சித்திரக்கதை அட்டவணை' என்று 1975இல் மற்றொரு பெருநூலும் அந்த இதழ்களிலிருந்தே பிறந்திருந்தது. வாழ்நாள் முழுதும் சேர்த்தவை ஏலத்திற்குப் போய், பலர் கைகளுக்குப் பிரிந்துவிட்டன. ஒவ்வொன்றும் எங்கேனும் பத்திரமாக இருக்கக்கூடும். ஆனால் ஒரு மனிதர் அவற்றை எந்த வரிசையில் அடுக்கியிருந்தார், எதன் பக்கத்தில் எதை வைத்திருந்தார் என்பது போனது போனதுதான். என் பின்னிணைப்புக்காக நான் எழுதிய துண்டுத்தாள்கள் இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. எறிந்துவிடலாமே என்று வீட்டில் ஆண்டுக்கொருமுறை கேட்பார்கள்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 2001இல், அட்டவணையின் மூன்றாம் பதிப்பு இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி கதைப்படங்களுக்கு. இரண்டாவது, முதற்பதிப்பில் அவர் விட்டுவிட்ட செய்திப்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும். அதன் கணக்கு 1888இல் தொடங்குகிறது. லூயி லெ பிரின்ஸ் லீட்ஸ் நகரத் தோட்டம் ஒன்றில் நாலைந்து பேரை நடக்கவிட்டு, சில விநாடிகள் மட்டும் ஓடும் படமொன்றை எடுத்த ஆண்டு அது. தாம் விட்டதைத் தாமே பதிவு செய்து முடித்திருந்தார் கிஃபோர்ட். அச்சில் காண அவர் இல்லை.